முதலில் முதுகு, அப்புறம்தான் தூண்டில்

வியாழன் இரவு

நாளை விடியும் முன் கிளம்புகிறோம். நான், மச்சான், எங்கள் இருவருக்கும் தூண்டில் பழக்கிவிட்ட அண்ணன். முதலில் ஒரு நீர்த்தேக்கம், அடுத்து ஆறு, கடைசியாகக் கழிமுகமும் அதை ஒட்டிய கடற்கரையும். இடங்களின் பெயரை எழுதப் போவதில்லை. ஏன் என்று எந்தத் தூண்டில்காரரும் கேட்க மாட்டார். தினமும் இரவு கண் சொக்குவதற்குள் முடிந்ததை எழுதிப் போடுகிறேன். என்ன மீன் பட்டது என்பதைவிட, எது கைகொடுத்தது, எது வீண் சுமை என்பதுதான் இதில் அதிகம் இருக்கும்.

கூடத்தில் மச்சான் கடை பரப்பியிருக்கிறான். ராட் (தூண்டில் கம்பு) மட்டுமே ஏழு. அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "கை உனக்கு ரெண்டுதானே தம்பி?" என்று கேட்டார். அரை மணி நேரம் இழுபறி நடந்து, ஏழு இரண்டாகக் குறைந்தது.

ஆளுக்கு இரண்டு போதும் என்பது என் கட்சியும். ஒன்று 7 அடியில் நடுத்தர வலுவுள்ள ஸ்பின்னிங் ராட், அதற்கு 3000 அல்லது 4000 அளவு ரீல் (நூல் சுற்றும் உருளை). ஏரி, ஆறு, கழிமுகம் மூன்றையும் இது சமாளித்துவிடும். இன்னொன்று 11 அடி, அலையைத் தாண்டி ஈயக்குண்டை எறிய. மூன்றாவது ராட் என்று ஒன்று இருந்தால், அதை எங்கே வைப்பது, யார் மிதிக்காமல் பார்த்துக்கொள்வது என்ற கவலைதான் கூடுகிறது.

பையில் போடுமுன் ராட்டில் நூல் ஓடும் வளையங்களைப் பார்த்துவிட வேண்டும். வெறும் கண்ணுக்கு எல்லா வளையமும் நன்றாகத்தான் தெரியும். சிறிது பஞ்சை உருட்டி ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒரு சுற்றுச் சுற்றினால், கீறல் இருக்கும் இடத்தில் நார் சிக்கிக்கொள்ளும். மச்சானின் ராட்டில் நுனி வளையத்தில் மெல்லிய வெள்ளை மீசைபோல் நார் நின்றது. பெரிய மீன் ஓடும்போது நரம்பை (தூண்டில் நூலை) அறுப்பது இந்தக் கீறல்தான். நுனி வளையத்தின் உலோகக் குழாயை மட்டும் சூடுகாட்டி (கார்பன்மேல் தீ படக் கூடாது), பசை இளகியதும் உருவிவிட்டு, புதிய வளையத்தைச் சூட்டுப் பசையில் உட்கார வைத்தோம்.

நரம்பு விஷயத்தில் வீட்டுக்கு வீடு ஒரு மதம். நான் சொல்வது இதுதான்: மூன்று வகைக்கும் மூன்று குணம், எதுவும் எல்லாவற்றுக்கும் ஆகாது. நைலான் மோனோ இழுத்தால் நீளும், அதனால் மீனின் திடீர் உதறலைத் தாங்கும், முடிச்சும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் தண்ணீரை உறிஞ்சி வலு குறையும், வெயிலில் கிடந்தால் மக்கும். பிரெய்ட் என்ற பின்னல் நூலின் அடர்த்தி சுமார் 0.97, அதனால் மிதக்கும். நீளவே நீளாது, தொலைவில் ஒரு சின்ன மீன் முகர்ந்தாலும் விரலுக்குத் தெரியும். ஆனால் பாறையில் உரசினால் போச்சு. ஃப்ளூரோகார்பனின் அடர்த்தி 1.78, மூழ்கும். உரசலையும் ஓரளவு தாங்கும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, இதற்கு 1.42. நைலானைவிட நெருக்கம் என்பதால் மீனுக்கு அவ்வளவாகத் தெரியாது. அதனால் ரீல் நிறையப் பிரெய்ட், நுனியில் இரண்டு மீட்டர் ஃப்ளூரோ என்பதே எங்கள் ஏற்பாடு. பிரெய்ட்டுக்கு அடியில் சில சுற்று மோனோ சுற்ற வேண்டும், இல்லையென்றால் வழவழப்பில் மொத்த நூலும் ஸ்பூல்மேல் வழுக்கிச் சுற்றும்.

ரீலின் டிராக்கை (மீன் இழுக்கும்போது நூலை இறுக்கத்தோடு விட்டுக்கொடுக்கும் பிரேக்கை) எல்லோரும் கையால் இழுத்துப் பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். காய்கறிக் கடைக்குக் கொண்டுபோகும் தொங்கு தராசு ஒன்று போதும். நரம்பின் நுனியைத் தராசுக் கொக்கியில் கட்டி, ராட்டை மீன் இழுக்கும் கோணத்தில் பிடித்து, ரீல் நூலை விடத் தொடங்கும் இடத்தைப் பார்க்கலாம். நரம்பின் வலுவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 10 கிலோ நரம்பென்றால் இரண்டரையிலிருந்து மூன்று கிலோ. மச்சானின் டிராக் ஆறு கிலோவில் நின்றது. முடிச்சில் போகும் வலு, வளைந்த ராட்டின் உரசல் எல்லாம் சேர்ந்தால் அது முறிந்தே தீரும்.

காரில் ஏற்றுவதற்கு ஒரே ஒரு விதி: முதலில் தேவைப்படுவது கடைசியில் ஏற வேண்டும். ராட்டெல்லாம் குழாய்க்குள். ராட் உடைவது பெரும்பாலும் மீனால் இல்லை, கார்க் கதவால்தான். மூன்று கொக்கி உள்ள லூர்கள் (செயற்கை இரைகள்) மூடிய பெட்டியில். இருக்கைத் துணியில் மாட்டிய கொக்கியைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு ஏனென்று தெரியும். பின்பக்கம் ஒரு பழைய தார்ப்பாய். அதன்மேல் ஏற்றிய எல்லாவற்றையும் நான்கு மூலையைப் பிடித்து அப்படியே வெளியே இழுத்துவிடலாம்.

வெள்ளி: நீர்த்தேக்கம்

காரை நிறுத்தும்போதே திருப்பி, போகும் திசை பார்த்து நிறுத்தினோம். நீர்த்தேக்கக் கரையில் காய்ந்து வெடித்த மண்ணைப் பார்த்தால் சிமெண்ட் தரைபோல் இருக்கும். மேலே இரண்டு விரல் ஓடு, அடியில் களி. நடந்து போய்க் குதிகாலால் ஓங்கி மிதித்துப் பார்த்துவிட்டு, ஓடு உடைந்தால் கார் அங்கே போகக் கூடாது. நூறு அடி கூடுதலாகச் சுமந்தோம். சுமந்தது சரி என்று எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டிருந்த ஒரு வேனைப் பார்த்ததும் தெரிந்தது.

கெண்டைக்கு உட்கார்ந்து காத்திருக்க வேண்டிய இடம். இங்கே ராட்டைவிட நாற்காலி முக்கியம். அண்ணனுக்கு மூட்டு வலி. முன்பெல்லாம் முக்காலியில் உட்காருவார், அது தரையிலிருந்து ஒரு சாண் உயரம். முழங்கால் இடுப்புக்கு மேலே போய்விடும், எழும்போது கையை ஊன்றித்தான் எழுவார். இந்த முறை இருக்கை முழங்கால் உயரத்துக்கு இருக்கும் மடக்கு நாற்காலி, சுமார் 45 சென்டிமீட்டர். நான்கு காலுக்கும் அடியில் அகலமான தட்டு, சேற்றில் புதையாமல் இருக்க. கைப்பிடி உறுதியாக இருக்கிறதா என்று வாங்கும்போதே அழுத்திப் பார்க்க வேண்டும். வயதானவர்கள் எழுவது அதைப் பிடித்துத்தான். சாய்மானம் ரொம்பப் பின்னால் போகும் நாற்காலி தூங்குவதற்கு நல்லது, மீன் கடித்ததும் எழுவதற்கு ஆகாது.

நாற்காலி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். மணி அடிக்கும் வேலை என்னுடையது. மீன் கடிக்காத நேரத்தில் எழச் சொன்னால் கேட்கிறார்கள், தக்கை லேசாக ஆடும்போது சொன்னால் திட்டு விழுகிறது.

போலரைஸ்டு கண்ணாடி பற்றிப் பலரும் அது ஏதோ பகட்டு என்று நினைக்கிறார்கள். தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் பெரும்பாலும் கிடைமட்டமாக அதிரும். அந்தக் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். நீர்ப்பரப்போடு சுமார் 37 டிகிரி கோணத்தில் பார்க்கும்போது தெறிப்பு முழுவதும் அப்படித்தான் அதிர்கிறது, அதனால் அந்தக் கோணத்தில் தண்ணீர் திறந்துகொள்கிறது. மச்சானிடம் கண்ணாடியைக் கொடுத்து, தலையைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்துப் பார்க்கச் சொன்னேன். கரையிலிருந்து பத்தடியில் மூழ்கிக் கிடந்த மரக்கிளையும், அதன் நிழலில் வரிசையாக நின்ற மூன்று மீனும் அவனுக்குத் தெரிந்தன. அது வரை அந்தக் கிளையின் மேலேயேதான் எறிந்துகொண்டிருந்தான். வெயில் கொட்டும் கடலுக்குச் சாம்பல் நிறம், ஆற்றுக்கும் மந்தமான வெளிச்சத்துக்கும் செம்பு நிறம் என்பது என் தேர்வு. மீன் தெரிவது ஒரு பக்கம் இருக்கட்டும், காற்றில் திரும்பி வரும் கொக்கியிலிருந்து கண்ணைக் காப்பாற்றுவது எந்த நிறமானாலும் கண்ணாடிதான்.

கொசு மருந்தில் டீட் இருக்கிறதா என்று பாருங்கள். 1946இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கப்பட்ட மருந்து. கொசுவுக்கு அருமையாக வேலை செய்யும், பிளாஸ்டிக்கையும் சேர்த்து இளக்கும். கண்ணாடியின் சட்டம், லூரின் வண்ணம், ரீலின் கைப்பிடி எல்லாம் பிசுபிசுக்கும். கைக்குப் பின்புறத்தால் தடவிக்கொண்டு உள்ளங்கையைச் சோப்பால் கழுவலாம். அல்லது பிகாரிடின் உள்ள மருந்தை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

மதியம் காருக்குள் வைத்திருந்த மென்லூர் பெட்டியைத் திறந்தால் பச்சைத் தவளையும் சிவப்புப் புழுவும் ஒன்றாக உருகி ஒட்டியிருந்தன. வெயிலில் மூடி நிற்கும் காரின் உள்ளே ஒரு மணி நேரத்தில் வெளியைவிட 20 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். இந்த லூர்களைச் செய்வது மென்மையாக்கிய பி.வி.சி.யில். அது சூட்டில் இளகும், வேறு வகை ரப்பர் லூரோடு சேர்த்து வைத்தால் சூடே இல்லாமல்கூட இளகும். வாங்கிய பையிலேயே வைத்திருப்பதுதான் நல்லது. மச்சான் பெட்டியை என்னிடம் நீட்டி, "மாமா, இது புது ரகம்" என்றான். அதை மாட்டி எறிந்து பார்த்தான். ஒரு மீனும் சீண்டவில்லை.

நான்கு மணிக்கு மேல் வடக்கே கறுத்தது. அண்ணன் மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்கினார். இடி கேட்க எத்தனை நொடி ஆகிறதோ அதை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். 30 நொடிக்குள் கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அப்போதே கிளம்பியாக வேண்டும். கார்பன் ராட் மின்சாரத்தைக் கடத்தும். திறந்த கரையில் 11 அடி கார்பனைத் தூக்கிப் பிடித்து நிற்பவர் தன்னையே இடிதாங்கியாக நட்டு வைத்திருக்கிறார். மின்கம்பிக்கு அடியில் எறியக் கூடாது என்பதும் இதனால்தான். ராட்டைத் தரையில் படுக்க வைத்துவிட்டு, உலோகக் கூரையுள்ள காரில் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டோம். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுத்துத்தான் இறங்கினோம். அதற்குள் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் போய் எறிய ஆரம்பித்திருந்தார்கள்.

சனி: ஆறு

இன்று முழுவதும் நடை. காலையிலேயே பையைப் பிரித்துப் பாதியைக் காரில் விட்டோம். ஒரு சின்ன லூர் பெட்டி, ஒரு சுருள் ஃப்ளூரோ, இடுக்கி, கத்தரி, தண்ணீர், மழைச் சட்டை, முதலுதவிப் பை. ஒரு தோளில் தொங்கும் பை வேண்டாம், இரண்டு மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். இடுப்பில் கட்டும் பட்டை உள்ள பையில் பாரம் இடுப்புக்கு இறங்கிவிடும். ஆனால் இழுப்புள்ள தண்ணீரைக் கடக்கும்போது அந்தப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். விழுந்தால் பை போகட்டும், ஆள் எழ வேண்டும்.

செருப்போடு ஆற்றில் இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். குதிகாலைப் பிடிக்கிற, நுனி மூடிய, ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ வேண்டும். பாசி பிடித்த கல்லில் கம்பளி அடிப்பாகம்தான் இன்னும் நன்றாகப் பிடிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது காயவே காயாது. ஓர் ஆற்றின் பாசியையும் கிருமியையும் அடுத்த ஆற்றுக்குச் சுமந்துபோகும். டிடிமோ என்ற பாசி இப்படிப் பரவுகிறது என்று நியூசிலாந்து 2008இல் கம்பளி அடிப்பாகத்தையே தடை செய்தது. ரப்பரில் சின்னச் சின்ன உலோகக் குமிழ் பதித்தது நல்ல சமரசம்.

ஆற்றுக்குள் நடக்கும்போது அண்ணன் ஒரு குச்சியை வைத்துக்கொள்வார், நீர் வரும் பக்கத்தில் ஊன்றி. குச்சியும் இரண்டு காலும் சேர்ந்து மூன்று. எப்போதும் இரண்டு தரையில், ஒன்றுதான் நகரும். தொடைக்கு மேல் இழுப்பு வந்தால் திரும்பிவிடுவார், எதிர்க்கரையில் எவ்வளவு நல்ல இடம் தெரிந்தாலும். மேலே அணை இருக்கும் ஆறென்றால் வானம் வெளுத்திருந்தாலும் தண்ணீர் ஏறும். கரையோரக் கல் ஒன்றைக் குறித்து வைத்துக்கொண்டு, அது நனைகிறதா என்று அவ்வப்போது பார்ப்பது அவர் பழக்கம். இன்று நனையவில்லை.

ஓயாமல் எறியும் நாளில் மணிக்கட்டும் முழங்கையும் பேசத் தொடங்கும். ராட் எவ்வளவு எடை என்பதைவிட எங்கே எடை நிற்கிறது என்பதுதான் காரணம். ரீலை மாட்டி, ரீல் உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு விரலில் ராட்டை நிறுத்திப் பாருங்கள். நுனி தொங்கினால், அந்தத் தொங்கலை நாள் முழுக்கத் தூக்கிப் பிடிப்பது உங்கள் மணிக்கட்டு. 40 கிராம் எடை குறைந்த ரீல் வாங்கிப் பெருமைப்பட்ட மச்சானின் ராட் நுனி விழுகிறது. என் பழைய கனத்த ரீல் சமமாக நிற்கிறது. மதியத்துக்குமேல் அவன் கையை உதறிக்கொண்டே இருந்தான். எறிவதற்கும் ஒரு கையின் பலம் வேண்டாம். கீழ்க் கை பிடியை வயிற்றுப் பக்கம் இழுக்க, மேல் கை திசை மட்டும் காட்டினால் போதும்.

மூன்று மணி வாக்கில் அது நடந்தது. கிளையில் மாட்டிய லூரை மச்சான் வளைத்து இழுக்க, அது விடுபட்டுப் பாய்ந்து வந்து அவன் முன்கையில் குத்தியது. மும்முனைக் கொக்கியில் ஒரு முள், வளைவு வரை உள்ளே. ரத்தம் சொட்டுதான். அவன் முகம்தான் வெளுத்துவிட்டது.

அண்ணன் அவனை ஒரு கல்லில் உட்கார வைத்தார். முதலில் லூரைக் கொக்கியிலிருந்து கழற்றி, வெளியே இருந்த இரண்டு முள்ளையும் இடுக்கியால் வெட்டினார். கனத்த மோனோவை ஒரு முழம் எடுத்து, மடித்து, கொக்கியின் வளைவில் மாட்டித் தன் விரலில் சுற்றிக்கொண்டார். மற்றொரு கையின் கட்டைவிரலால் கொக்கியின் காம்பைத் தோலோடு தோலாக அழுத்தினார். அப்படி அழுத்தினால் உள்ளே இருக்கும் எதிர்முள் (கொக்கி நுனியில் பின்னோக்கி நிற்கும் சின்ன முள்) சதையிலிருந்து விலகும். "நேத்து அந்தத் தவளை லூர் என்ன ஆச்சு தம்பி?" என்று கேட்டார். அவன் வாய் திறப்பதற்குள், தோலுக்கு இணையாக ஒரே வெட்டில் இழுத்தார். கொக்கி எங்கோ பறந்தது. "இன்னும் எடுக்கலையா அண்ணே?" என்றான் மச்சான்.

காயத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினோம். அழுக்குக் காயம் என்பதால், டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடத்துக்கு மேலாகிவிட்டால் மறுபடி போட வேண்டும். அவனுக்கு ஆகியிருந்தது, போகிற வழியில் போட்டுக்கொண்டான். கண்ணருகில், கழுத்தில், மூட்டுக்குள் மாட்டினால் இந்த வித்தையெல்லாம் கூடாது. அப்படியே கட்டுப்போட்டு மருத்துவரிடம் போக வேண்டியதுதான். இடுக்கியால் எதிர்முள்ளை நசுக்கி வைத்துவிட்டால் இத்தனை கூத்தும் தேவையில்லை, மீனையும் லேசாக விடுவிக்கலாம். இரவு மச்சான் தன் கொக்கிகள் எல்லாவற்றையும் உட்கார்ந்து நசுக்கிக்கொண்டிருக்கிறான்.

ஈரக் காலுறையைக் கழற்றிக் காய்ந்ததைப் போட்டதும் உடம்பே வேறாக இருக்கிறது. வண்டியில் ஒரு ஜோடி எப்போதும் காய்ந்து இருக்க வேண்டும்.

ஞாயிறு: கழிமுகமும் மணலும்

மணலில் காரை இறக்க அனுமதி உள்ள இடம். எல்லாக் கடற்கரையிலும் அது கிடையாது. ஆமை முட்டையிடும் இடங்களில் கேட்கவே கூடாது. இறங்குவதற்கு முன்பே டயர்க் காற்றைக் குறைத்தோம். சாலையில் 32 பி.எஸ்.ஐ. இருந்ததை 18க்குக் கொண்டுவர வேண்டும். காற்று குறைந்ததும் டயர் நீளவாக்கில் படுக்கிறது, அதே எடை கூடுதல் பரப்பில் விழுகிறது, மணல் தாங்குகிறது. மச்சான் 25 போதும் என்று அங்கேயே நிறுத்தினான். இருநூறு அடியில் பின்சக்கரம் குழி பறிக்கத் தொடங்கியதும், இறங்கி 18 ஆக்கினான். வண்டி தானாகவே ஏறி வந்துவிட்டது, மண்வெட்டியைத் தொடவே இல்லை.

சக்கரம் வெறுமனே சுழன்றால் உடனே காலை எடுக்க வேண்டும். மிதிக்க மிதிக்க வண்டி இறங்கிக்கொண்டேதான் போகும். வந்த தடத்திலேயே பின்னால் போய், மறுபடி நிதானமான ஒரே வேகத்தில் வர வேண்டும். திடீர்ப் பிரேக், திடீர்த் திருப்பம் இரண்டும் ஆகாது. காற்று குறைந்த டயர் திருப்பத்தில் விளிம்பை விட்டுக் கழன்றுவிடும். நிறுத்தும்போது இறக்கம் பார்த்து நிறுத்தினால் கிளம்புவது சுலபம். ஜாக்கி மணலில் புதையும், அதனால் அடியில் வைக்க ஒரு தடித்த பலகை. இன்னொரு வண்டி இழுக்க வந்தால், கயிற்றை இழுப்பதற்கென்றே உள்ள கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் மாட்டி இழுத்து, அது பெயர்ந்து பறந்து வந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. தார்ச்சாலை ஏறியதும் காற்றை மறுபடி நிரப்ப வேண்டும், அதற்குச் சிகரெட் லைட்டர் முனையில் மாட்டும் சின்னப் பம்பு போதும். 18இல் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும்.

காரை எங்கே விடுவது என்பதை மணல்தான் சொல்லும். காய்ந்த பாசி, சிப்பி, குச்சி எல்லாம் ஒரு கோடாக ஒதுங்கியிருக்கும் இடம்தான் நேற்றைய நீர் ஏறிய எல்லை. பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் நீர் அந்தக் கோட்டையும் தாண்டும். நாங்கள் கோட்டுக்கு மேலே நன்றாகத் தள்ளி விட்டோம். சாவி தண்ணீர் புகாத பையில், அண்ணன் சட்டைப்பையில். மின்னணுச் சாவி உப்புத் தண்ணீரில் ஒருமுறை முங்கினால் போதும், பயணம் அங்கேயே முடிந்தது.

கழிமுகத்து ஆழமற்ற மணலில் அண்ணன் காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தார். மச்சானுக்குச் சிரிப்பு. மணலில் புதைந்து கிடக்கும் திருக்கையின்மேல் நேராகக் கால் வைத்தால் வாலில் உள்ள முள்ளால் குத்தும். தேய்த்துக்கொண்டு போனால் அதிர்வு தெரிந்து ஒதுங்கிவிடும். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் காலுக்கு முன்னால் ஒரு தட்டு அகலத்துக்கு மணல் கலங்கி, எழுந்து, நழுவிப் போனது. அதன் பிறகு மச்சானும் தேய்த்துத்தான் நடந்தான். குத்திவிட்டால் தாங்கும் அளவுக்குச் சூடான தண்ணீரில், சுமார் 45 டிகிரியில், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் காலை வைத்திருந்தால் வலி தணியும். அப்புறம் மருத்துவரிடம் போக வேண்டும். கெளுத்தி முள்ளுக்கும் இதே வைத்தியம். ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெயில் இன்று இரண்டு பக்கமும் அடித்தது. காய்ந்த மணல் புறஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், கடல் நுரை 25 சதவீதம் வரை. அதனால் தொப்பி மட்டும் போதாது, மோவாயும் மூக்கின் அடியும் கீழிருந்து எரியும். நீளக் கைச் சட்டை, கழுத்துறையை மூக்கு வரை ஏற்றிக்கொள்வது, காதுக்கும் கைப்புறத்துக்கும் வெயில் களிம்பு, இரண்டு மணிக்கு ஒருமுறை மறுபடி. சட்டையில் யூ.பி.எஃப். 50 என்று போட்டிருந்தால் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே வரும். வெளிர் நிறத் தளர்ந்த சட்டையில் காற்று ஓடும். பருத்தி வியர்வையில் சுகம்தான், ஆனால் நனைந்து காற்றடித்தால் நடுங்க வைக்கும்.

ஈயக்குண்டைப் பல்லால் கடித்து மூடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், ஈயம் நஞ்சு. ஈயத்தைத் தொட்ட கையைச் சாப்பிடுமுன் கழுவ வேண்டும். பிரெய்ட் சிக்கினால் கையில் சுற்றி இழுக்கக் கூடாது, தோலை அறுத்து உள்ளே போகும். ஒரு குச்சியில் சுற்றி இழுங்கள்.

மாலையில் மீன்கள் வந்தன. எத்தனை, எவ்வளவு என்று நான் சொல்வதை யாரும் நம்பப் போவதில்லை.

திங்கள்: திரும்பும் வழி

அதிகாலை ஏற்றத்துக்கு எழுந்து எறிந்துவிட்டு, பத்து மணிக்குக் கிளம்பினோம். எனக்குத் தெரிந்து தூண்டில் பயணத்தில் மிக ஆபத்தான நேரம் இதுதான். மின்னலும் திருக்கையும் இதற்குப் பிறகுதான். மூன்று மணிக்கு எழுந்த உடம்பு, வெயில் குடித்த தலை, ஒரே சீரான சாலை. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாட்டுப் போடுவது, கண்ணாடியை இறக்குவது எல்லாம் சில நிமிடத்துக்குத்தான். மச்சான் வெள்ளைக் கோட்டைத் தொட்டதும் அண்ணன் வேறொன்றும் பேசாமல், "அந்த மரத்தடியில ஓரங்கட்டு" என்றார்.

காபி குடித்துவிட்டு உடனே படுத்துவிட வேண்டும். காஃபீன் வேலை செய்ய இருபது நிமிடத்துக்கு மேலாகும். அதற்குள் ஒரு குட்டித் தூக்கம் முடிந்திருக்கும், எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். நிழலில், இரண்டு பக்கமும் கண்ணாடியை இறக்கி, என்ஜினை அணைத்துவிட்டுத் தூங்கினோம். மூடிய காரில் என்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதும், குளிருக்கு உள்ளே அடுப்போ கரியோ வைப்பதும் கார்பன் மோனாக்சைடு சாவுக்கு வழி. வாசனையே வராது. தூங்கி எழுந்ததும் நான் ஓட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் படுக்கத்தான் தோன்றும். உப்பு அதுவரை காத்திருக்காது. முதலில் கார்: அடிப்பாகம், சக்கர வளைவுகளின் உள்பக்கம், பிரேக் எல்லாவற்றுக்கும் நல்ல தண்ணீரைக் குழாயில் நன்றாகப் பீய்ச்சினோம். ரீலுக்கு அந்தப் பீய்ச்சல் கூடாது, உப்பை உள்ளே தள்ளிவிடும். டிராக்கை இறுக்கிவிட்டு மேலே மெல்லத் தூவி, துணியால் துடைத்து, நிழலில் காய வைத்தோம். காய்ந்ததும் டிராக்கை முழுவதும் தளர்த்திவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் வட்டத் தகடுகள் அமுங்கி அடுத்த முறை திக்கித் திக்கி நூலை விடும். கடலில் நனைந்த கொக்கியை அப்படியே பெட்டியில் போட்டால் மற்றவற்றையும் துருப்பிடிக்க வைக்கும், அதற்கென்று ஒரு தனி டப்பா. நுனியில் ஒன்றிரண்டு மீட்டர் நரம்பை வெட்டி எறிந்தேன், குப்பைத்தொட்டியில்தான். கரையில் விட்ட நரம்பு பறவைகளின் காலில் போய்ச் சுற்றும்.

இந்தச் செலவில் மூன்று பேருக்குமாகப் புதிதாக வாங்கியது அண்ணனின் நாற்காலி, என் ஷூ, டயர்ப் பம்பு. மச்சான் இப்போது 10 அடி ராட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறானாம். அவன் கால் அளவு கேட்டு வைத்திருக்கிறேன். முதலில் ஷூ வாங்கட்டும்.